வசூலான பின்னும் பாக்கி: கடன் அட்டையும் சிறு வணிகரும்

நம் கடைத்தெருத் தமிழில் விற்பனையின் நிலைகளைச் சுட்டும் சொற்கள் மிகத் தெளிவானவை. பொருளைக் கொடுத்த கையோடு பணத்தைப் பெற்றால் அது ரொக்கம். பின்னர் பெறவேண்டியது பாக்கி. பெற்று முடித்தது வசூல். இவற்றுள் பாக்கியும் வசூலும் அரபு மொழியினின்று வந்து, ஏடறியாத கடைக்காரர் நாவிலும் தமிழாகவே புழங்கும் சொற்கள். ஒரு தொகையை வசூல் என்று பேரேட்டில் எழுதிய பிறகு அதனை மீண்டும் பாக்கியாக மாற்றி எழுத நேர்வது அரிது. காசோலை திரும்புவது உண்டு. ஆயினும் அது சில நாட்களுக்குள் தெரிந்துவிடும். கடன் அட்டை வழியாக நடைபெறும் வணிகத்திலோ, வசூல் என்று எழுதப்பட்ட தொகை நான்கு மாதங்கள் கழிந்தும் வணிகரின் கணக்கிலிருந்து எடுக்கப்படலாம். எடுத்தது முறையா என்னும் விசாரணை அதன் பின்னரே தொடங்கும். சிறு வணிகர்க்கும் அட்டைப் பணத்தைக் கையாளும் நிறுவனங்களுக்கும் இடையே எழும் பூசல்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே என்பது நம் கருத்து. அதனை விளக்கவே இக்கட்டுரை எழுந்தது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே தருகிறோம். இம்முறை வளர்ந்த இடமும், இதுபற்றிய வழக்குகள் நீதிமன்ற ஏடுகளில் விரிவாகப் பதிவான இடமும் அதுவே.

பணம் நடக்கும் வழி

1950-ஆம் ஆண்டு நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டை, உணவகத்தில் கையொப்பமிட்டு உண்டு பின்னர்ப் பணம் செலுத்தும் வசதியைத் தந்தது. 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் ஏறத்தாழ 60,000 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே, கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. அந்த அட்டைதான் 1976-இல் விசா எனப் பெயர் மாறி உலகெங்கும் பரவியது.

வாடிக்கையாளர் ஒருவர் 100 டாலருக்குப் பொருள் வாங்கி அட்டையை நீட்டுகிறார் எனக் கொள்வோம். கடைக்காரர் அட்டையை இயந்திரத்தில் இடுகிறார். 'அனுமதி' என்று விடை வருகிறது; சீட்டு வெளிவருகிறது; பொருள் கைமாறுகிறது. பார்ப்போர்க்கு இது இருவருக்கிடையே முடிந்துவிட்ட வணிகம். உண்மையில் அட்டை வழங்கிய வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு, வணிகரின் சார்பில் பணத்தைப் பெறும் வங்கி, அவ்வங்கிக்காகக் கணக்கு வேலைகளை நடத்தும் 'பிராசஸர்' என்னும் இடைநிறுவனம், அந்த இடைநிறுவனத்துக்கு ஆள் பிடித்துத் தரும் விற்பனை முகவர் என ஐவர் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கின்றனர். ஒவ்வொருவரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின், இரண்டு மூன்று டாலர் குறைந்த தொகை ஓரிரு நாட்களில் வணிகரின் கணக்கை அடைகிறது.

இவர்களுள் கடைக்காரர் முகம் பார்த்துப் பேசியவர் விற்பனை முகவர் ஒருவரே. கையெழுத்து வாங்கிய பின் அவரைக் காண்பது அரிது.

அட்டைக்காரர் தம் வங்கிக்கு எழுதி, "இந்தப் பொருளை நான் வாங்கவில்லை" என்றோ, "வாங்கினேன், ஆனால் வந்து சேரவில்லை" என்றோ முறையிட்டால், பணம் வந்த வழியே திரும்பிச் செல்லும். இதனைச் சார்ஜ்பேக் என்பர். இவ்வேற்பாட்டைத் தீயது என்று நாம் சொல்லமாட்டோம். அமெரிக்கக் காங்கிரஸ் 1974-இல் இயற்றிய கடன் பட்டியல் நியாயச் சட்டம், தவறான பற்றுகளிலிருந்து எளிய மக்களைக் காத்தது. பட்டியல் வந்த 60 நாட்களுக்குள் அட்டைக்காரர் எழுத்து மூலம் முறையிட்டால், விசாரணை முடியும்வரை வங்கி அத்தொகையை அவரிடம் கேட்டல் கூடாது. இது தேவையான பாதுகாப்பு. வலையமைப்புகள் தம் சொந்த விதிகளால் இதனை மேலும் விரித்தன. பலவகை முறையீடுகளுக்கு 120 நாட்கள்வரை தவணை உண்டு.

ஆனால் அட்டைக்காரரிடம் கேட்கக் கூடாத பணத்தை யாரிடம் கேட்பது? அவருடைய வங்கி வணிகரின் வங்கியிடம் கேட்கும். வணிகரின் வங்கி இடைநிறுவனத்தின் வழியாக வணிகரின் கணக்கில் கைவைக்கும். அக்கணக்கைத் தொடும் உரிமையைக் கடைக்காரர் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகவே தபாலில் அறிவிப்பு வந்து சேரும்போது பணம் கணக்கில் இராது. அதனோடு ஒவ்வொரு முறையீட்டுக்கும் 15, 20, 25 டாலர் என்று கையாளுகைக் கட்டணமும் பிடிக்கப்பட்டிருக்கும். வணிகர் தம் பக்கம் நியாயம் என்று மெய்ப்பித்தால் பொருளின் விலை திரும்பலாம். கட்டணம் பல ஒப்பந்தங்களில் திரும்புவதில்லை.

மெய்ப்பித்தல் என்பது சொல்லுக்கு எளிது. மணவிருந்துக்குக் கேக் செய்து கொடுத்த ஒரு பெண்மணியை எண்ணிப் பாருங்கள். அட்டை எண்ணைத் தொலைபேசியில் கேட்டுப் பணம் பெற்றார். கேக்கை மண்டபத்தில் இறக்கிவிட்டு வந்தார். பெற்றுக்கொண்டதாக யாரிடமும் கையொப்பம் வாங்கவில்லை. மணவீட்டில் யார் அதற்கு ஓய்ந்திருந்தார்? மூன்று மாதம் கழித்துப் பணம் பிடிக்கப்படுகிறது. கேக்கை உண்டவர் இருநூறு பேர் இருந்தும் தாளில் சான்று ஒன்றும் இல்லை. அட்டையை நேரில் இயந்திரத்தில் இடாமல் நடந்த விற்பனைகளில் வணிகர் தோற்பது பெரும்பாலும் இவ்வாறுதான்.

பார்க் சிட்டி உணவகம்

சார்ஜ்பேக்கில் ஒரு வாடிக்கையாளராவது இருக்கிறார். அவர் சொல்லும் குறை ஒன்றாவது இருக்கிறது. முறையிட்டவர் எவரும் நேரில் இல்லாமலே பணம் பிடிக்கப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பது பயன் தரும்.

யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையூரில் சிசரோஸ் என்னும் குடும்ப உணவகம் இருந்தது. 2008-ஆம் ஆண்டில், அங்குப் பயன்படுத்தப்பட்ட அட்டைகளின் எண்கள் களவு போயிருக்கக்கூடும் என்று விசா நிறுவனம் வணிகரின் வங்கிக்கு அறிவித்தது. கணினிப் புலனாய்வு செய்யும் இரு நிறுவனங்களை உணவகத்தார் தம் செலவில் அமர்த்தினர். இரண்டுமே, களவு நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்றன. ஆனால் வேறொன்று வெளிப்பட்டது. உணவகத்தின் பில் போடும் கணினியில் இருந்த மென்பொருள், அட்டை எண்களை உரிமையாளர் அறியாமலே மறைக்குறி எதுவுமின்றிச் சேமித்து வந்திருந்தது. அவ்வாறு சேமித்தல் வலையமைப்புகளின் பாதுகாப்பு விதிக்கு மாறானது.

விசாவும் மாஸ்டர்கார்டும் தண்டம் விதித்தன. அது ஏறத்தாழ 90,000 டாலர். தண்டம் உணவகத்தின் மேல் விதிக்கப்படவில்லை என்பதை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். உணவகம் விசாவின் உறுப்பினர் அன்று, வங்கியே உறுப்பினர். எனவே தண்டம் வங்கியின் மேல் விழுந்தது. வங்கியும் அதன் இடைநிறுவனமும், "எமக்கு நேரும் இழப்பை நீர் ஈடுசெய்ய ஒப்பியிருக்கிறீர்" என்னும் ஒப்பந்த வாசகத்தைக் காட்டி, உணவகத்தின் கணக்கிலிருந்து ஏறத்தாழ 10,000 டாலரை எடுத்துக்கொண்டன. எஞ்சியதற்கு வழக்குத் தொடுத்தன. 2011-இல் உணவகத்தார் எதிர்வழக்குத் தொடுத்தனர்.

அவர்களின் எதிர்வாதத்தில் ஊன்றிப் படிக்கத்தக்கவை இரண்டு. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட வலையமைப்பு விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆனால் அவ்விதிகளைத் தாம் ஒப்பமிட்ட காலத்தில் கண்ணால் கண்டதில்லை என்றனர். அவ்விதிகளின்படி தண்டத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையும் வங்கிக்கே உண்டு, வணிகர்க்கு இல்லை. பணம் கொடுப்பவர் ஒருவர், வாதாடும் உரிமை பெற்றவர் இன்னொருவர்! உரிமை பெற்றவரோ இழந்ததை அடுத்தவர் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வல்லவர். அத்தகையவர்க்கு வாதாடும் ஊக்கம் எங்கிருந்து வரும்? இவ்வினா அந்த ஓர் உணவகத்துக்கு மட்டும் உரியதன்று.

சில்லும் 88 முறையீடுகளும்

சிறு வணிகர் விதியை மீறாமல் இருந்தும், விதி அவர்மேல் வந்து விழுந்ததற்கு மற்றொரு காட்டு 2015-ஆம் ஆண்டில் கிடைக்கிறது. அட்டைகளில் காந்தப்பட்டைக்குப் பதிலாகச் சில்லுப் பொருத்தும் முறைக்கு அமெரிக்கா அப்போது மாறியது. அவ்வாண்டு அக்டோபர் 1 முதல், சில்லு அட்டையைப் பழைய முறையில் தேய்த்துப் பணம் பெறும் கடையில் போலி அட்டையால் மோசடி நடந்தால், இழப்பு வங்கியைச் சாராது கடையைச் சாரும் என வலையமைப்புகள் அறிவித்தன.

புளோரிடாவில் ஒரு மளிகைக் கடைக் குடும்பத்தார் நாள் தவறாமல் புதிய இயந்திரங்களை வாங்கிப் பொருத்தினர். ஆனால் இயந்திரம் வாங்கினால் மட்டும் போதாது. அது முறையாக இயங்குகிறது என்று அட்டைத் துறையினர் சான்றளிக்க வேண்டும். அச்சான்றுக்கு நெடிய வரிசை. காத்திருந்த நான்கரை மாதங்களில் அவர்கள் கடைகளுக்கு 88 சார்ஜ்பேக்குகள் வந்தன. தொகை 9,000 டாலருக்குச் சற்று மேல். முந்தைய ஆண்டின் அதே காலத்தில் வந்தவை நான்கே. புதிய இயந்திரம் கடை மேடையில் இருக்கிறது. அதனைச் சில்லுக்குப் பயன்படுத்த இசைவு இல்லை. பயன்படுத்தாமைக்குத் தண்டம் மட்டும் உண்டு. 2016 மார்ச்சில் அவர்கள் வழக்குத் தொடுத்தனர்.

பெட்ரோல் நிலையங்களின் பம்புகளுக்கு இக்கெடு முதலில் 2017 வரையும், பின்னர் 2020 வரையும், மீண்டும் 2021 ஏப்ரல் வரையும் நீட்டிக்கப்பட்டது. பம்பை மாற்றுவது பெருஞ்செலவு என்பது காரணம், அது உண்மையுங்கூட. மளிகைக் கடைக்கு அத்தகைய நீட்டிப்பு எதுவும் கிட்டவில்லை. வழக்கு வந்த சில மாதங்களில், 25 டாலருக்குக் குறைந்த இத்தகைய முறையீடுகளை ஏற்பதில்லை என்று விசா தன் விதியைத் தளர்த்திக்கொண்டது. 2025-இல் விசாவும் மாஸ்டர்கார்டும் சேர்ந்து 20 கோடி டாலருக்குச் சற்றுக் குறைந்த தொகையைக் கொடுத்து இணங்க முன்வந்தன. தொடுத்த ஆண்டிலிருந்து எண்ணினால் ஒன்பது ஆண்டுகள்.

இயந்திர வாடகை

இனி, பணத்தைவிட இயந்திரமே பகையானதைச் சுருக்கமாகக் கூறுவோம். சில நூறு டாலர் பெறும் அட்டை இயந்திரத்தை 48 மாத வாடகைக்குக் கொடுத்து, இடையில் நிறுத்தவொண்ணாது என்று எழுதி வாங்கிய நிறுவனங்கள் இருந்தன. கட்டி முடிக்கும் வாடகை இயந்திர விலையின் பன்மடங்கு. கடையை மூடினாலும் வாடகை மூடாது. நியூயார்க்கில் நார்தர்ன் லீசிங் என்னும் நிறுவனம், தொலைமாநிலங்களில் வாழ்ந்த சிறு வணிகர்மேல் நியூயார்க் நகர நீதிமன்றத்தில் வழக்குகளைத் தொடுத்தது. சில ஆயிரம் டாலருக்காக அத்தனை தொலைவு பயணம் செய்து வாதாட யாரால் இயலும்? வராதவர்மேல் ஆயிரக்கணக்கில் ஒருதலைத் தீர்ப்புகள் பெறப்பட்டன. மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2016-இல் வழக்குத் தொடுக்க, 2020-இல் அந்நிறுவனத்தைக் கலைக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. இவ்வரலாற்றில் சிறு வணிகர் தாமே வாதாடி வென்றார் என்பதற்கில்லை. அரசு வந்து நின்றதால் வென்றார்.

நிறுத்திவைத்த பணம்

இடைநிறுவனங்களின் பக்க நியாயத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. வணிகர் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாமல் கடையைப் பூட்டிச் சென்றால், அட்டைக்காரர்க்குத் திருப்பித் தரவேண்டிய சுமை இடைநிறுவனத்தின் தலையிலும் வங்கியின் தலையிலும் விழும். ஒரு வகையில் அவர்கள் ஒவ்வொரு கடைக்காரர்க்கும் ஜாமீன் நிற்கின்றனர். மோசடிக்காரர்க்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் பெற்றுக் கொடுத்ததாக, ஃபர்ஸ்ட் டேட்டா என்னும் பெரிய இடைநிறுவனத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கு, 2020-இல் 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடிக்கப்பட்டது. எனவே ஐயம் எழும்போது பணத்தை நிறுத்திவைப்பதை முற்றும் பழிக்க இயலாது.

பழிக்கத்தக்கது அதற்கு அளவும் காரணமும் சொல்லாமை. ஆபத்துள்ளதாகக் கருதப்படும் கடையின் ஒவ்வொரு நாள் விற்பனையிலும் ஐந்து முதல் பத்து விழுக்காட்டைப் பிடித்து ஆறு மாதம்வரை வைத்திருப்பது இத்துறையில் பழகிப்போன வழக்கம். 2020-இல் பெருந்தொற்றால் தொழில்கள் நொடித்தபோது, ஸ்குயர் நிறுவனம் சிறு வணிகர் பலரின் வரவில் 20 முதல் 30 விழுக்காட்டை நான்கு மாதத்துக்கு நிறுத்திவைத்தது. முறையீடு ஒன்றுமே வராத கடைகளும் அவற்றுள் அடங்கும் என்று வணிகர்கள் நொந்துரைத்தனர். பணம் மிகத் தேவைப்பட்ட நாளில் பிடித்தமும் மிகுந்தது.

கணக்கை முறித்தால் விளைவு இன்னும் கொடியது. மாஸ்டர்கார்டு நிறுவனம் 'மேட்ச்' என்னும் பட்டியல் ஒன்றை வைத்துள்ளது. இடைநிறுவனத்தால் விலக்கப்பட்ட வணிகர் பெயர் காரணக் குறியீட்டோடு அதில் ஏறும். ஐந்து ஆண்டுகள் இருக்கும். வேறு வங்கியை நாடினால் அவர்கள் முதலில் பார்ப்பது அப்பட்டியலையே. பெயரை நீக்கவேண்டுமாயின் ஏற்றியவரே மனமிரங்க வேண்டும். பட்டியலில் தம் பெயர் இருப்பதை, இரண்டாம் வங்கி மறுத்த பிறகே அறிந்த வணிகரும் உண்டு. நம் ஊர்ச் சந்தைகளில் நாணயம் கெட்டவர் என்று பெயரெடுத்தவர்க்குச் சரக்குக் கிடைக்காது. ஆனால் அவர் நாலு பேரைக் கூட்டி நியாயம் சொல்லலாம்.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17-ஆம் நாள் வெளியிட்ட நெறிமுறைகள், இணையவழி வணிகத்தில் வணிகர்க்காகப் பணம் திரட்டும் வங்கியல்லாத இடைநிறுவனங்கள் அப்பணத்தைத் தம் பணத்தோடு கலவாமல், வங்கியொன்றில் தனியான எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும் என்றும், வரையறுத்த நாட்களுக்குள் வணிகர்க்குச் சேர்க்க வேண்டும் என்றும் விதித்தன. பணம் யாருடையது என்னும் கேள்விக்குச் சட்டமே விடை கூறிவிடுவதால் இது நல்ல தொடக்கம் என்றே கருதுகிறோம். சார்ஜ்பேக்கில் மெய்ப்பிக்கும் சுமை இங்கும் வணிகர் மேல்தான்.

நீதிமன்ற வாயில்

இத்தனைக்கும் பிறகு வழக்காடலாமே என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு தீர்ப்பைக் கூறி அமைவோம்.

கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரத்தில் இத்தாலியன் கலர்ஸ் என்னும் உணவகம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் வசதியான அட்டையை ஏற்க விரும்பும் கடைகளை, மிகுதியான கட்டணம் கொண்ட மற்ற அட்டைகளையும் ஏற்கக் கட்டாயப்படுத்துகிறது என்பது அவர்களின் குறை. ஒப்பந்தத்திலோ இரு தடைகள் இருந்தன. பூசல் எழுந்தால் நீதிமன்றம் செல்லாது நடுவர் முன் செல்ல வேண்டும். அங்கும் பல வணிகர் ஒன்றுகூடி ஒரே வழக்காகத் தொடுத்தல் ஆகாது.

உணவகத்தார் கணக்கிட்டுக் காட்டினர். அந்நிறுவனம் சந்தை வலிமையைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று மெய்ப்பிக்கப் பொருளியல் வல்லுநரின் ஆய்வறிக்கை தேவை. அதற்குக் குறைந்தது பல இலட்சம் டாலர். பத்து இலட்சத்தைத் தாண்டவும் கூடும். தனி வணிகர் ஒருவர் வென்றால் பெறக்கூடிய உச்சத் தொகையோ 12,850 டாலர். சட்டப்படி மும்மடங்கானால் 38,549. பலர் கூடிச் செலவைப் பகிர்ந்தாலன்றி இவ்வழக்கை யாரும் தொடுக்கவே முடியாது என்பது அவர்களின் வாதம்.

2013 ஜூன் 20-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐவர்க்கு மூவர் என்னும் கணக்கில் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஓர் உரிமையை மெய்ப்பிக்க ஆகும் செலவு அதனால் பெறும் பயனைவிட மிகுதி என்பதற்காக, அவ்வுரிமையைக் கோரும் வழி அடைபட்டதாகாது என்பது நீதிபதி ஸ்கேலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம். நீதிபதி கேகன் மாறுபட்டு எழுதினார். ஒப்பந்தத்தை எழுதியவரே, தம்மேல் எவரும் வழக்குத் தொடுக்கவொண்ணாதபடி அதனை எழுதிக்கொள்ள இத்தீர்ப்பு இடந்தருகிறது என்பது அவர் வாதம். அந்த உணவகம் 38,549 டாலருக்கான வழக்கைத் தனியே நடத்திக்கொள்ளலாம். நடுவர் மன்றத்தின் வாயில் அதற்குத் திறந்தே இருந்தது.